ஒரு மணித்தியாலம் வருகிறவரும் நாள் முழுக்க இருப்பவரும்

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்டுகள், பிள்ளை இருக்கும் ஹோம் டேகேர் வீட்டுக்கே வரும் வழக்கம் கனடாவில் இருக்கிறது. ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் பிள்ளை பார்க்கும் எங்கள் பெண்களுக்கு இது புதிய பொறுப்பு. அதை எப்படி ஏற்பது, யாரிடம் என்ன கேட்பது?

காலை 8 மணிக்குக் கொண்டுவந்து விட்டு மாலை 5 மணிக்குத் தூக்கிச் சென்றால், ஒரு பிள்ளை வாரத்தில் 45 மணித்தியாலம் டேகேரில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கோ கை கால் பயிற்சிக்கோ தெரபிஸ்ட் வருவது வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான், அதுவும் கிடைத்தால். சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சிலருக்கு சில வாரங்கள் தொடர்ந்து நடந்து, பிறகு ஒரு நீண்ட இடைவெளி.

மிச்சம் 44 மணித்தியாலமும் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கிறது? ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், இன்னும் நாலைந்து பிள்ளைகளோடு, 'அன்ரி' என்று கூப்பிடப்படும் ஒரு பெண்ணோடு இருக்கிறது. சாப்பாடு தீத்துகிறவரும் உடுப்பு மாற்றுகிறவரும் அழும்போது தூக்குகிறவரும் அவர்தான். தெரபிஸ்ட் காட்டிவிட்டுப் போனதை அவர் கண்டிருந்தால், அது நாள் முழுக்க நடக்கும். தெரபிஸ்ட் பிள்ளையை ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, முடிந்ததும் கை காட்டிவிட்டுப் போய்விட்டால், பயிற்சி அந்த ஒரு மணித்தியாலத்தோடு நின்றுவிடும்.

தெரபிஸ்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கும் டேகேர்கள் உண்டு. டேகேர் நடத்துகிறவரைக் கண்டும் காணாததுபோல் வந்து போகும் தெரபிஸ்டுகளும் உண்டு. இரண்டு வழியிலும் நட்டம் பிள்ளைக்கே.

ஏன் டேகேருக்கே வருகிறார்கள்?

முன்பெல்லாம் இப்படிப்பட்ட பயிற்சி என்றால் ஆஸ்பத்திரிக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ போக வேண்டும். வெள்ளைச் சுவர், ஒரு மேசை, படம் ஒட்டிய அட்டைகள். அங்கே பிள்ளை அழகாகச் செய்து காட்டும். வீட்டுக்கு வந்தால் செய்யாது. சிறு பிள்ளைகள் ஓரிடத்தில் படித்ததை இன்னோர் இடத்துக்குத் தாமாகக் கொண்டுபோவது குறைவு. கரண்டி பிடிக்கப் பழக வேண்டிய இடம் பிள்ளை சாப்பிடும் மேசை. படி ஏறப் பழக வேண்டிய இடம் அது தினமும் ஏறும் படி.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஐ.டி.இ.ஏ. என்ற சட்டத்தின் 'சி' பகுதியின்படி, பிறப்பு முதல் 3 வயது வரையான பிள்ளைகளுக்கான சேவைகள் இயன்றவரை அவர்களின் இயல்பான சூழலில் நடக்க வேண்டும். அதாவது குறைபாடு இல்லாத அதே வயதுப் பிள்ளை வழமையாக எங்கே இருக்குமோ, அங்கே.

ஒன்ராறியோவில் இந்த எண்ணத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து இயங்கும் ஹேனன் நிலையத்தின் கதை 1975இல் மொன்றியலில் தொடங்குகிறது. பேச்சு மொழி நிபுணரான அயாலா மனோல்சன், பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதை விட்டு, பெற்றோருக்கே பழக்கிக் கொடுக்கும் முறையை அங்கே ஆரம்பித்தார். பிள்ளையைக் கவனி, காத்திரு, காது கொடு என்ற மூன்று படிகள் அந்த நிலையத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. டேகேர் ஆசிரியைகளுக்கென்றும் அவர்கள் தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள்.

ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கான்சைல்ட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பீற்றர் ரோசன்பாமும் யான் வில்லம் கோர்ட்டரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. குறைபாடுள்ள பிள்ளையைப் பார்க்கும்போது ஆறு விடயங்களை மனதில் வைத்திருங்கள் என்றார்கள் அவர்கள்: செயல்பாடு, குடும்பம், உடல்வலு, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். இந்த ஆறில் நண்பர்களும் மகிழ்ச்சியும் சிகிச்சை நிலையத்து அறையில் கிடைப்பது அரிது. டேகேரில் காலை எட்டரைக்கே அவை வந்து சேர்ந்துவிடுகின்றன.

முதலில் கண்டுபிடிக்கிறவர் அன்ரிதான்

தாய் தகப்பனுக்கு முதல் பிள்ளை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை இல்லை. வருடக்கணக்காகப் பிள்ளை பார்த்தவருக்கு அப்படியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, குதிகால் நிலத்தில் படாமல் நடக்கும் பிள்ளை, எல்லோரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட, ஒரே ஒரு வகை பிஸ்கட்டைத் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை, எல்லாம் அவர் கண்ணில் முதலில் படும்.

சொல்வதுதான் கஷ்டம். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்று அம்மம்மா சொல்லுவார். "ரெண்டு பாசை கேக்கிறதால குழம்புது" என்று உறவினர் ஒருவர் சொல்லுவார். இந்த இரண்டாவது பேச்சால் எங்கள் வீடுகளில் பெரிய தீங்கு நடந்திருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே குறைபாடு இருந்தாலும் வீட்டு மொழியை நிறுத்தும்படி பேச்சு மொழி நிபுணர்கள் சொல்வதில்லை. தாய் எந்த மொழியில் சரளமாகக் கொஞ்சுவாரோ, அந்த மொழியிலேயே கதைக்கச் சொல்கிறார்கள். இது தெரியாமல், அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறி, பிள்ளையோடு கதைப்பதையே குறைத்துக்கொண்ட பெற்றோர் எத்தனையோ பேர்.

ஒன்ராறியோவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 18ஆவது மாதத்தில் குடும்ப வைத்தியரிடம் ஒரு விரிவான வளர்ச்சிப் பரிசோதனை இருக்கிறது. டேகேர் அன்ரி எழுதிக் கொடுக்கும் நாலு வரி அந்த நேரத்தில் பெரிய உதவி. குறைபாட்டுக்குப் பெயர் வைக்காமல், கண்டதை மட்டும் சொல்வது நல்லது. "பிள்ளைக்கு ஓட்டிசம் போல" என்று சொன்னால் தாய் உடைந்துபோவார். "கூப்பிட்டால் நாலு தடவைக்கு ஒருக்காத்தான் திரும்புறார், ஒருக்கா டொக்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ" என்றால் அடுத்த அடி எடுத்து வைக்க வழி பிறக்கும்.

வைத்தியரின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பாலர் பேச்சு மொழித் திட்டத்துக்குப் பெற்றோரே நேரடியாகத் தொலைபேசியில் பதியலாம், சேவை இலவசம். மாகாணத்தின் சிறுவர் சிகிச்சை நிலையங்களில் இயங்கி, பிள்ளையின் வளர்ச்சி பற்றிக் கேட்டு வழிகாட்டும் ஸ்மார்ட் ஸ்டார்ட் ஹப்களுக்கும் பெற்றோர் தாங்களே அழைக்கலாம். குறைபாட்டுக்குப் பெயர் சூட்டிய அறிக்கை எதுவும் கையில் இருக்கத் தேவையில்லை. துர்ஹம் பக்கத்தில் கிராண்ட்வியூ கிட்ஸ், பீல் பக்கத்தில் எரின்ஓக் கிட்ஸ், ரொறன்ரோவில் ஹொலண்ட் புளூர்வியூ ஆகியவை இந்த நிலையங்களில் சில.

சட்டம் எந்தப் பக்கம்?

ஒன்ராறியோவில் ஹோம் டேகேர் இரண்டு வகை. ஒன்று, உரிமம் பெற்ற ஏஜென்சியின் கீழ் இயங்குவது. இதில் ஒரு வீட்டில் 13 வயதுக்குக் குறைந்த 6 பிள்ளைகள் வரை பார்க்கலாம். மற்றது உரிமம் இல்லாமல் தனியே நடத்துவது. அதில் 5 பிள்ளைகள் வரைதான், அத்துடன் தங்களுக்கு அரசாங்க உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டிலும் 2 வயதுக்குக் குறைந்தவர்கள் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இவை எல்லாம் 2014ஆம் ஆண்டின் சிறுவர் பராமரிப்பு மற்றும் ஆரம்ப ஆண்டுகள் சட்டத்தில் வருபவை.

உரிமம் பெற்ற இடங்களில் விசேட தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிப்பட்ட உதவித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் ஒழுங்குவிதி கட்டாயப்படுத்துகிறது. பிள்ளைக்கு என்ன உதவி தேவை, என்ன உபகரணம் வேண்டும், சூழலில் எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். பெற்றோரையும், பிள்ளையோடு வேலை செய்யும் சுகாதாரத் துறையினரையும் கலந்தே அதை எழுத வேண்டும். ஆகவே தெரபிஸ்டோடு கதைப்பது அன்ரி செய்யும் தயவு என்றோ அதிகப்பிரசங்கித்தனம் என்றோ யாரும் நினைக்க இடமில்லை. விதியே அதைத்தான் கேட்கிறது.

வெளியிலிருந்து வந்து பிள்ளைக்குச் சேவை செய்கிறவரின் பொலிஸ் பதிவு பற்றிய உறுதியையும், அவர் பிள்ளையோடு பழகத் தொடங்கும் முன்பே ஏஜென்சி பெற வேண்டும். பெரும்பாலும் தெரபிஸ்டை அனுப்பும் நிறுவனமே அந்தக் கடிதத்தைத் தந்துவிடும். உரிமம் இல்லாத வீட்டில் இதைக் கேட்க ஏஜென்சி கிடையாது. அங்கே அன்ரியே கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. நல்ல தெரபிஸ்டுகள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வருவார்கள்.

வருகிறவரின் தகுதியை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. பேச்சு மொழி நிபுணர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், இயன் மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒன்ராறியோவில் தனித்தனி ஒழுங்குமுறைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் பதிவேட்டில் யாரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நடத்தைப் பகுப்பாய்வாளர்களும் 2024 ஜூலை முதலாம் திகதியிலிருந்து இப்படி ஒரு கல்லூரியின் கீழ் வந்துவிட்டார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு ஆட்கள் வந்து போவார்கள், எங்களுக்குச் சரிவராது" என்று மறுக்கலாமா? ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை, சேவை வழங்குகிறவர் குறைபாடுள்ளவருக்கு இடங்கொடுக்க வேண்டும் என்கிறது. தாங்க முடியாத சுமையாகும் கட்டம் வரை அந்தக் கடமை போகும். சுமையைக் கணக்கிடும்போது செலவு, வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய பணம், சுகாதாரமும் பாதுகாப்பும் என்ற மூன்றைத்தான் பார்ப்பார்கள். வசதிக் குறைவும் மற்றப் பெற்றோரின் முணுமுணுப்பும் அதில் இல்லை.

கதவைத் திறக்க முன்

தாய் ஒருவர் மாலையில் பிள்ளையைத் தூக்க வந்த இடத்தில் வாசலில் நின்று கேட்பது வழமையாக இப்படி இருக்கும்: "அன்ரி, ஸ்பீச்சுக்கு இடம் கிடைச்சிருக்கு. எனக்கு வேலையில லீவு எடுக்க ஏலாது. உங்கட இடத்துக்கு வந்து செய்யலாமோ?"

நல்ல பதில் ஒன்று இருக்கிறது. "ஓம் பிள்ளை, வரச்சொல்லுங்கோ. ஆனா வாறதுக்கு முதல் என்னோடையும் ஒருக்கா கதைக்கச் சொல்லுங்கோ."

அந்த முதல் தொலைபேசிப் பேச்சில் தீர்க்க வேண்டியவை பல. பிள்ளையைப் பற்றி அன்ரியும் தெரபிஸ்டும் ஒருவரோடொருவர் கதைக்கலாம் என்று பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். 2004ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் தெரபிஸ்டைக் கட்டுப்படுத்துவதால், அந்தச் சம்மதம் இல்லாமல் அவரால் வாய் திறக்க முடியாது. வந்து போகிறாரே, ஏன் ஒன்றும் சொல்கிறார் இல்லை என்று அன்ரி மனம் நோவதற்குப் பல இடங்களில் காரணம் இந்த ஒரு சம்மதம் இல்லாததுதான்.

அடுத்தது நேரம். மத்தியானம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் பிள்ளைகள் படுப்பார்கள். அந்த நேரத்தில் மணி அடித்தால் வீடே எழும்பிவிடும். காலை 9.30 தொடக்கம் 11 மணி வரை நல்ல நேரம், பிள்ளையும் களைத்திருக்காது. எந்தக் கதவால் வர வேண்டும், பனிக்காலத்தில் பக்கவாட்டுப் படி வழுக்குமா, காரை எங்கே நிறுத்துவது, வீட்டில் நாய் பூனை உண்டா, பிள்ளைகளில் யாருக்குக் கச்சான் ஒவ்வாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தெரபிஸ்டின் பை தனி விடயம். அதற்குள் சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான்கள் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்ற மணிகள், பக்கத்தில் தவழும் பத்து மாதப் பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம். பல வீடுகள் ஏறி இறங்கும் சாமானில் கிருமியும் ஏறி இறங்கும். "பையை வாசலிலேயே வையுங்கோ, இங்கே உள்ள சாமானிலேயே செய்து காட்டுங்கோ" என்று சொல்வது பாதுகாப்புக்கும் நல்லது, பயிற்சிக்கும் நல்லது. பையோடு வந்த சாமான் பையோடு போய்விடும். டேகேரின் தட்டும் கரண்டியும் பந்தும் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

காய்ச்சல், வாந்தி என்றால் இரண்டு பக்கமும் காலையிலேயே அறிவித்து நிறுத்திவிடும் ஏற்பாடும் வேண்டும். நீண்ட நாள் காத்திருந்து கிடைத்த நேரம் அப்படியே பறிபோகாமல், மாற்று நாளையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை

டேகேருக்குள்ளேயே நடக்கும் பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்று விளங்க, ஒரு காலையைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டரை வயதுப் பொடியன். ஐந்தாறு சொல் மட்டும். தேவை என்றால் அன்ரியின் கையைப் பிடித்து இழுப்பான். பத்து மணிக்குப் பழம் சாப்பிடும் நேரம். மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள். தெரபிஸ்ட் ஒரு குட்டிக் கதிரையில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார். அன்ரி வழமைபோல வாழைப்பழத்தை வெட்டி, பொடியன் கேட்க முன்பே அவன் தட்டு நிறைய வைக்கிறார். அது பாசம். அதனால் அவனுக்கு வாய் திறக்கத் தேவையே வரவில்லை.

தெரபிஸ்ட் சொல்வது சின்ன மாற்றம். இரண்டு துண்டு மட்டும் வையுங்கள். மிச்சப் பழம் அவன் கண்ணுக்குத் தெரியட்டும். முடிந்ததும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

இரண்டு துண்டும் முடிகிறது. அன்ரி காத்திருக்கிறார். ஐந்து, ஆறு, ஏழு. பொடியன் பழத்தைப் பார்க்கிறான், அன்ரியைப் பார்க்கிறான். "இன்னும்?" என்கிறார் அன்ரி. பக்கத்திலிருக்கும் நாலு வயதுக்காரி, "எனக்கு இன்னும்!" என்று கத்துகிறாள். அவளுடைய வாயை உற்றுப் பார்த்த பொடியன், "இம்" என்கிறான். அந்தக் கணமே துண்டு அவன் கையில். சொல் முழுதாக வரவில்லை என்று யாரும் அவனை வாட்டவில்லை. சத்தம் போட்டான், பலன் கிடைத்தது, அவ்வளவுதான் இன்றைய பாடம்.

தெரபிஸ்ட் போன பிறகும் நாள் நடக்கிறது. மத்தியானம் சோற்றுக்குப் பருப்பு விடும்போது, வெளியில் ஊஞ்சல் ஆட்டும்போது, சவர்க்காரக் குமிழி ஊதும்போது, ஒவ்வொரு தடவையும் அன்ரி நிறுத்திக் காத்திருக்கலாம். மாலை 5 மணிக்குள் அந்த ஒரு சொல்லுக்கு இருபது முப்பது சந்தர்ப்பம் வந்துவிடும். இப்படி நாள் முழுக்கப் பரவிய இயல்பான சந்தர்ப்பங்களைச் சிகிச்சை நிலையத்தால் கொடுக்க முடியாது.

இந்தக் காலையில் இன்னொரு விடயமும் நடக்கிறது. தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. பொடியன் "தா" என்றதையும் "பூ" என்றதையும் அவர் வெறும் சத்தமாக எடுத்திருப்பார். அவை சொற்கள் என்று அன்ரிதான் சொல்கிறார். இரண்டு மொழிப் பிள்ளையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்தே எண்ண வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் அன்ரி எழுதி வரும் தமிழ்ச் சொற்பட்டியல், நிபுணரின் மதிப்பீட்டையே மாற்றக்கூடிய தகவல்.

கை கால் பயிற்சியிலும் இதே கதைதான். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி சாப்பாட்டு மேசையில் ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், மறு கையால்தான் சாப்பாடு. அவள் கால் நிலத்தில் படவில்லை, உடம்பு ஆடுகிறது, விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்கிறாள். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஓர் உறுதியான பெட்டியைக் காலடியில் வைத்து, இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறத்தாழ 90 பாகையில் மடியும்படி உட்கார வைக்கிறார். இரண்டு கையும் விடுபடுகிறது. காசு செலவில்லாத அந்தப் பெட்டி எந்த உயரம், எங்கே வைப்பது என்பதை அன்ரி கண்ணால் கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதன்கிழமை அது விளையாட்டுச் சாமான் போடும் பெட்டியாகிவிடும்.

மற்றப் பிள்ளைகள், மற்றப் பெற்றோர்

புதிய ஆள் வீட்டுக்குள் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். விரட்டத் தேவையில்லை. ஒருவரையோ இருவரையோ விளையாட்டில் சேர்த்துக்கொண்டால், முறை வைத்து விளையாடுவதும் மற்றவரைப் பார்த்துச் செய்வதும் தானாக வரும். உடல் நோகும் பயிற்சி, கவனம் சிதறினால் செய்ய முடியாத பயிற்சி என்றால் மட்டும் சற்றுத் தள்ளி ஒரு மூலை. அதுவும் அன்ரியின் கண்ணுக்கெட்டும் இடமாக இருக்கட்டும். தெரபிஸ்ட் வந்திருப்பதால் வீட்டில் பிள்ளை பார்க்க இன்னோர் ஆள் கூடிவிட்டது என்று எண்ணக் கூடாது. ஐந்து பிள்ளைகளின் பொறுப்பும் அப்போதும் அன்ரியிடம்தான். "ஒரு நிமிசம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மாடிக்கு ஏறிவிட முடியாது.

மற்றப் பெற்றோர் கேட்பார்கள்: "ஆர் அந்தப் பிள்ளை? என்ன பிரச்சினை?" எங்கள் சமூகம் சிறியது. ஸ்காபரோவில் சொன்னது மார்க்கத்துக்குப் போக ஒரு மாலை போதும். "எங்கட டேகேருக்கு ஒருவர் வந்து பிள்ளையளோட விளையாட்டுச் செய்யிறவர்" என்பதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியை அலைபேசியில் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்புவது நல்ல வழக்கம். ஆனால் அந்தப் படத்தில் மற்றப் பிள்ளையின் முகம் விழக் கூடாது, வாட்ஸ்அப் குழுக்களில் அது போகவே கூடாது.

வேலையில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் பயிற்சியின் முடிவு வந்து சேர ஒரு கொப்பி போதும். இன்று என்ன செய்தோம், இந்த வாரம் எதைப் பழக்க வேண்டும், அதை நாளில் எப்போது செய்வது என்று மூன்றே வரி. கடைசி ஐந்து நிமிடத்தைத் தெரபிஸ்ட் இந்தக் கொப்பிக்கு ஒதுக்க வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது.

முடியாததை முடியாது என்று சொல்ல வேண்டும்

நிபுணர் சொல்லிவிட்டார் என்பதற்காக எங்கள் பெண்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். "ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 20 நிமிடம் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து பழக்குங்கள்" என்றால் ஓம் என்பார்கள். மற்ற நாலு பேருக்கும் யார் தீத்துவது? அடுத்த கிழமை தெரபிஸ்ட் கேட்கும்போது செய்யவில்லை என்று சொல்ல வெட்கம். செய்தோம் என்று சொன்னால் தெரபிஸ்டின் குறிப்பு பிழைத்துவிடும். அவர் அந்த முறையே பலன் தரவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

"அஞ்சு பிள்ளையோட இது ஏலாது. வேற என்ன மாதிரிச் செய்யலாம் எண்டு சொல்லுங்கோ" என்பது அறிவுள்ள கேள்வி. நல்ல தெரபிஸ்ட் உடனே இறங்கி வருவார். மூன்று சாப்பாட்டுக்குப் பதில் ஒன்று, இருபது நிமிடத்துக்குப் பதில் முதல் நாலு வாய். நடக்கக்கூடிய சிறியதே நடக்காத பெரியதைவிட மேல். கான்சைல்டின் ஆய்வாளர்கள் பாடசாலைகளுக்காக உருவாக்கிய 'பார்ட்னரிங் ஃபோர் சேஞ்ச்' திட்டத்திலும் இதே பாதைதான். தொழில்வழிச் சிகிச்சையாளர் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப் போகாமல், வகுப்புக்குள்ளேயே நின்று ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்வார். வகுப்பறையில் ஆசிரியருக்குக் கொடுத்த அந்த மரியாதை கீழ்த்தளத்து டேகேரில் அன்ரிக்கும் கிடைக்க வேண்டும்.

அந்த நேரத்துக்கு யார் கூலி?

தெரபிஸ்டுக்குச் சம்பளம் உண்டு, பயணப் படியும் இருக்கலாம். ஏஜென்சியின் கீழ் வேலை செய்யும் அன்ரிக்கு வருமானம் பிள்ளைக்கும் நாளுக்கும் கணக்கு. தெரபிஸ்டோடு உட்கார்ந்த நேரத்துக்கோ, திட்டம் எழுதிய இரவுக்கோ, பெற்றோரோடு கதைத்த சனிக்கிழமைக்கோ அந்தக் கணக்கில் இடமில்லை.

கனடாவில் 2021 தொடக்கம் சிறுவர் பராமரிப்புக்குப் பெரும் பணம் இறங்கியிருக்கிறது. ஒன்ராறியோ 2022 மார்ச் 28ஆம் திகதி மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த திட்டத்தில் சேர்ந்த இடங்களில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளுக்கு 22 டொலருக்கு மேல் போகக் கூடாது என்றானது. பெற்றோருக்கு இது மிகப் பெரிய ஆறுதல். ஆனால் கட்டணம் குறைந்ததால் மட்டும் விசேட தேவையுள்ள பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடாது. அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் கையும் நேரமும் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

விடை இல்லாத கேள்வியும் அல்ல இது. மாகாணத்தின் விசேட தேவைகளுக்கான நிதியில் ஆலோசகர், உபகரணம், பயிற்சி, மேலதிக ஊழியர் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ரொறன்ரோ மாநகரத்தில் 'எவ்ரி சைல்ட் பிலோங்ஸ்' என்ற திட்டத்தின் வழியாக ஆலோசகர்கள் உரிமம் பெற்ற டேகேர்களுக்கு வருகிறார்கள். அந்த மேலதிகக் கை, பெரிய டேகேர் நிலையங்களோடு நின்றுவிடாமல் ஹோம் டேகேர் வீட்டுப் படியும் இறங்க வேண்டும். தெரபிஸ்ட் வரும் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இன்னொருவர் வந்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அன்ரி முழு மனதோடு உட்கார்ந்து பழகலாம். வாரத்தில் ஒரு மணித்தியாலக் கூலி. அதனால் பயனடைவது மிச்சம் 44 மணித்தியாலமும்.

இதைக் கேட்க வேண்டியவர்கள் மூன்று பேர். பெற்றோர், உதவித் திட்டம் எழுதும் கூட்டத்துக்கு அன்ரியையும் அழைக்கும்படி கேட்க வேண்டும். அன்ரிமார், ஏஜென்சியிலிருந்து வீட்டுக்கு வரும் பார்வையாளரிடம், "தெரபிஸ்ட் வாற நேரத்துக்கு எனக்கு ஓர் ஆள் வேணும்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏஜென்சிகள் அந்தக் கடிதங்களைச் சேர்த்து மாநகரத்திடம் கொண்டுபோக வேண்டும். வாயால் சொன்ன குறை காற்றோடு போய்விடும். எழுத்தில் வந்த கோரிக்கையை அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதித்த மாகாணம், அதை நாள் முழுக்க நடத்துகிறவரின் நேரத்துக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.